ஐசியுவில் பி300 வரவில்லை: "அலை இல்லை" என்று அறிக்கை எழுதலாமா?

சாட்ஸ்வர்த்_அலை (கேள்வி)

வணக்கம். டர்பனில் ஒரு நரம்பியல் பிரிவில் ஈஆர்பி (நிகழ்வுசார் மூளை மின்னழுத்தம்) பதிவு தொடங்கியிருக்கிறோம். அமைப்பு இதுதான்: 19 சானல் இஇஜி (மூளை மின்னலைப் பதிவு), 500 ஹெர்ட்ஸ் சாம்ப்ளிங், 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர், எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவிலான இம்பீடன்ஸ் (மின்தடை) 5 கிலோஓமுக்குக் கீழ். ஒலி இரண்டு: 1000 ஹெர்ட்ஸ் வழக்கமான ஒலி 80%, 2000 ஹெர்ட்ஸ் அரிய ஒலி 20%. மொத்தம் 300 ஒலிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக 1500 மில்லிவினாடி. அரிய ஒலியை எண்ணச் சொல்கிறோம்; அதைக் கவனிக்கும் மூளையில் ஏறக்குறைய 300 மில்லிவினாடிக்குப் பிறகு எழும் அலைதான் பி300. மடிக்கணினியின் சாதாரண ஒலி வெளியீடு, காதுக்குள் செருகும் இயர்ஃபோன்.

மூன்று சிக்கல்கள்.

1. நல்ல உடல்நிலையில் உள்ள 25 வயதுக்காரர்களுக்கே பி300 உச்சம் 420 மில்லிவினாடிக்குப் பக்கத்தில் வருகிறது. என்1 அலை 180-இல் நிற்கிறது. ஆளுக்கு ஆள் பெரிய மாற்றமில்லை.

2. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நாள்களில், சராசரி எடுத்த பிறகும் மெல்லிய சீரான நெளிவு மிஞ்சுகிறது. நகராட்சி மின்சாரத்தில் அவ்வளவு இல்லை.

3. சாலை விபத்தில் தலையில் அடிபட்ட நோயாளி, கண் திறக்கிறார், கட்டளைக்கு இணங்கவில்லை. மயக்க மருந்து நிறுத்தி 36 மணி நேரம். அரிய ஒலிக்குத் தட்டையான கோடுதான் வருகிறது. 60 அரிய ஒலிகளில் கெட்ட பதிவுகளைக் கழித்த பிறகு 36 மிஞ்சியது. "எழுந்திருப்பாரா" என்பது மருத்துவரின் கேள்வி. குடும்பத்தின் கேள்வியும் அதுதான். அறிக்கையில் "பி300 இல்லை" என்று எழுதலாமா?

லெனேசியா_50ஹெர்ட்ஸ்

முதல் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தொட வேண்டும். காலக்கணக்கு தவறியிருக்கும் கருவியில் ஐசியு பதிவே எடுக்கக் கூடாது.

என்1 என்பது ஒலி தொடங்கி ஏறக்குறைய 100 மில்லிவினாடியில் வர வேண்டியது. எல்லாருக்கும் ஒரே அளவில் 80 தள்ளிப் போனால் அது மூளையின் தாமதம் அல்ல, கணினியின் தாமதம். டிரிகர் குறி (ஒலி போடும் கணத்தைக் காட்டும் அடையாளம்) உடனே இஇஜியில் விழுந்துவிடுகிறது. ஒலியோ சவுண்டு கார்டின் தற்காலிக நினைவகத்தில் காத்திருந்துவிட்டுப் பிறகு வெளியே வருகிறது. 420-இலிருந்து 80-ஐக் கழித்தால் 340. அது 25 வயதுக்கு இயல்பான எண்தான். ஆனால் கழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். தாமதம் நிலையானதா, ஒவ்வொரு ஒலிக்கும் மாறுகிறதா என்று அளக்க வேண்டும். நிலையான தாமதத்தைக் கழிக்கலாம். மாறும் தாமதம் சராசரியில் உச்சத்தைத் தேய்த்து அகலமாக்கிவிடும். பிறகு எதைக் கழித்தாலும் மீளாது.

அளக்கும் முறை: ஒலி வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் உபரி சானலுக்குக் கொண்டு வாருங்கள். நேராகக் கொடுக்கக் கூடாது, அங்கே வோல்ட் அளவில் வரும். 100 கிலோஓம், 100 ஓம் தடைகளைத் தொடராகப் போட்டு, 100 ஓமின் இரு முனையிலிருந்து எடுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். நோயாளியோ தன்னார்வலரோ கருவியில் இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. தலையில் ஒரு கம்பியும் இல்லாதபோது மட்டும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: 500 ஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்கில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி தெரியவே தெரியாது. சோதனைக்கு மட்டும் அதே நீளத்தில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பு ஒன்று செய்து, உச்சத்திலிருந்தே தொடங்கும்படி வைத்து, அதே மென்பொருளில் ஓட்டுங்கள். சோதனையின்போது சானலின் 30 ஹெர்ட்ஸ் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். 200 ஒலிகளில் டிரிகருக்கும் ஒலியின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், திட்ட விலக்கம் 2 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஏசியோ டிரைவர் (ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள வெளிச் சவுண்டு கார்டுக்கு மாறுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஒருபோதும் ஆகாது.

இனி இன்வெர்ட்டர். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. உங்கள் இடைவெளி 1500, அதாவது சரியாக 75 சுற்று. ஒவ்வொரு ஒலியும் மின்னிரைச்சலின் ஒரே கட்டத்தில் விழுகிறது. சராசரி அதைக் கரைப்பதற்குப் பதில் வளர்த்துவிடுகிறது. நகராட்சி மின்சாரத்தின் அதிர்வெண் 50-ஐச் சுற்றிச் சற்று ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அங்கே இரைச்சல் தானாகக் கலைந்துவிடும். தனித்து ஓடும் இன்வெர்ட்டர் படிகக் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது, அதன் 50 ஏறக்குறைய அசையாது. அதனால்தான் அந்த நாள்களில் மட்டும் நெளிவு நிற்கிறது. 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர் மெல்லச் சரியும் வகையாக இருந்தால் 50-இல் கணிசமான பங்கு கசியும்.

மருந்து எளிது. இடைவெளியை 1400-க்கும் 1600-க்கும் நடுவே ஒரு மில்லிவினாடிப் படிகளில் குலுக்கி விடுங்கள். 500 மில்லிவினாடி இடைவெளியில் ஓட்டும் எம்எம்என் (கவனிக்காதபோதும் ஒலி மாற்றத்துக்கு எழும் அலை) பதிவுக்கும் இதே கதைதான்: 500 என்பது 25 சுற்று. மின்சார இரைச்சலின் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரையும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மென்பொருள் சில 60 ஹெர்ட்ஸில் வைத்தே வரும். நம் ஊரில் அது வெறும் அலங்காரம். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டாலும் இன்வெர்ட்டர்கள் சுவரில்தான் இருக்கின்றன. பதிவு நேரத்தில் மடிக்கணினியும் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் சுவரை விட்டு வெளியே இருக்கட்டும்.

மாரிட்ஸ்பர்க்_எலக்ட்ரோடு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "இல்லை" என்று எழுதுவதற்கு முன் காதிலிருந்து தொடங்குங்கள்.

தலையில் அடிபட்டவரின் மண்டையோட்டு அடித்தளம் உடைந்திருந்தால் செவிப்பறைக்குப் பின்னால் இரத்தம் தேங்கியிருக்கலாம். காதுக் குழாயில் உறைந்த இரத்தமோ குறும்பியோ இயர்ஃபோன் நுனியை அடைத்திருக்கலாம். ஓட்டோஸ்கோப்பால் பார்த்துவிட்டு, இரு காதுக்கும் தனித்தனியாகத் தண்டுமூளை செவிப் பதிவு (ஒலி காதிலிருந்து தண்டுமூளை வரை போகிறதா என்று காட்டுவது) எடுத்து, ஐந்தாம் அலை வருகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் பி300. இந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின் ஊசி போட்டுக் கேட்கும் திறன் இழந்தவர்கள் நிறையப் பேர். அந்த ஊசிகளுக்குப் பதில் பெடாகுவிலின் மாத்திரை என்று 2018-இல் தென்னாப்பிரிக்கா மாற்றிக்கொண்டது. அதற்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் காது திரும்பி வரப்போவதில்லை. அந்த ஊசி முதலில் தின்பது உயர் அதிர்வெண்களை. பழைய காசநோய் வரலாற்றைக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். கேட்கவே முடியாதவருக்குச் "செவிவழி பி300 இல்லை" என்பது மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு மருந்து அட்டை. 36 மணி நேரம் என்பது கடிகாரக் கணக்கு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மயக்க மருந்தான மிடாசோலமும் அதன் கழிவுப் பொருள்களும் அதற்குப் பிறகும் உடலில் கிடக்கும். கெட்டமைன் கொடுத்திருந்தால் எம்எம்என் சுருங்கும், ஏனென்றால் அந்த அலை கெட்டமைன் தடுக்கும் மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை நம்பியிருக்கிறது. உடல் வெப்பம் தணிந்திருந்தால் அலைகள் பிந்தும். பதிவுத் தாளின் தலைப்பிலேயே கடைசி மருந்தின் பெயர், அளவு, நேரம், உடல் வெப்பம் நான்கையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைத் திருப்பிப் படிப்பவருக்கு வேறு வழி இல்லை.

முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பதிவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். அடர்ந்து சுருண்ட ஆப்பிரிக்க முடியில் தொப்பி எலக்ட்ரோடு மேலே மிதக்கும். அழுத்தினாலும் சில நிமிடங்களில் முடி அதைத் தூக்கிவிடும். 10-20 முறையின் (எலக்ட்ரோடு இடங்களைத் தலையில் அளந்து குறிக்கும் முறை) கோடுகளை முதலில் குறித்துக்கொண்டு, அந்தக் கோடுகள் வெளியே தெரியும்படி தலையோடு ஒட்டிய நேர்ப்பின்னல் போடச் சொல்லுங்கள். வகிட்டில் தனிக் கிண்ண எலக்ட்ரோடும் கெட்டிப் பசையும். இந்தப் பின்னலையே பிடிமானமாக்கும் கவ்வி வகை எலக்ட்ரோடு ஒன்றைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்டார்கள். தைத்த செயற்கை முடி இருந்தால் முந்தைய நாளே தெரிவித்து அனுமதி வாங்கிப் பிரிக்க வேண்டும். காலையில் வந்து கத்தரிக்கோலை எடுப்பது அவமரியாதை. நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு சிக்கல், தேங்காய் எண்ணெய். முந்தின இரவு ஷாம்பூ போட்டு அலசி, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் வரச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் வியர்வை இழுக்கும் மெதுவான சரிவு 0.1 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும். அதைக் கொல்வதற்காக ஃபில்டரை 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் பி300-யின் வடிவமே கெடும், முன்னும் பின்னும் பொய் அலைகள் முளைக்கும். அறையைக் குளிர வையுங்கள், நெற்றியைத் துடையுங்கள், ஃபில்டரைத் தொடாதீர்கள்.

லாடியம்_கோமா

முந்தைய இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 36 துண்டுகளை (ஓர் அரிய ஒலிக்கு ஒன்றாக வெட்டியெடுத்த இஇஜி பகுதிகள்) வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சராசரியில் இரைச்சல் துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். விழித்திருக்கும் ஆளின் பின்னணி இஇஜி 20 மைக்ரோவோல்ட் என்று வைத்தால், 36 துண்டில் 20-ஐ 6-ஆல் வகுத்து 3.3 மிஞ்சும். 10 மைக்ரோவோல்ட் பி300 தெளிவாகத் தெரியும். அடிபட்ட மூளையில் மெதுவான டெல்டா அலைகள் பெரிது. 40 என்று வைத்தாலே 6.7 மிஞ்சும். அந்த நோயாளியின் பி300 ஒருவேளை 4 அல்லது 5 மைக்ரோவோல்ட்தான் என்றால் அது இருந்தாலும் உங்கள் கோட்டில் தெரிந்திருக்காது. "இல்லை" என்பதும் "தெரிய வாய்ப்பில்லை" என்பதும் வேறு வேறு.

மிச்ச இரைச்சலை ஊகிக்கத் தேவையில்லை. ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் தலைகீழாக்கிச் சராசரி எடுங்கள். மூளையின் பதில் இரண்டிரண்டாகக் கழிந்துபோகும், மிஞ்சுவது முழுக்க இரைச்சல். அதன் அளவு நீங்கள் தேடும் அலையை எட்டினால் அந்தப் பதிவுக்கு "பொருள் கொள்ள இயலாது" என்று பெயர். அறிக்கையில் மூன்று சொற்கள்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: உள்ளது, இரைச்சல் போதுமான அளவு தணிந்த நிலையிலும் காணவில்லை, பொருள் கொள்ள இயலாது.

அதோடு, கட்டளைக்கு இணங்காதவரிடம் எண்ணச் சொல்லும் பி300-ஐ முதலில் எடுப்பதே தவறான வரிசை. பி300 கவனத்தைக் கேட்கிறது. எம்எம்என் கேட்பதில்லை. 1978-இல் ஃபின்லாந்தின் நாத்தானனும் கூட்டாளிகளும் விவரித்த இந்த அலை, கவனிக்காத ஒலி மாற்றத்துக்கும் தானாக எழுகிறது. அதனால் ஐசியுவில் வரிசை: தண்டுமூளைப் பதிவு, என்1, எம்எம்என், அதற்குப் பிறகு நோயாளியின் பெயரை அரிய ஒலியாக வைத்த பி300.

எம்எம்என்னுக்கு நான் சொல்லும் அளவுகள்: 75 மில்லிவினாடி ஒலி வழக்கமானது, 30 மில்லிவினாடி ஒலி அரியது, அரியது 15%. இரண்டு அரிய ஒலிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வழக்கமானவை வர வேண்டும். 1400 ஒலிகள் ஓட்டினால் 210 அரியவை கிடைக்கும். இடைவெளி சராசரி 500 என்றால் 12 நிமிடத்துக்குள் முடியும். பிறகு இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு சுற்று. 30 மில்லிவினாடி ஒலி அரியதாக வந்தபோது எழுந்த அலையிலிருந்து, அதே ஒலி வழக்கமாக வந்தபோது எழுந்த அலையைக் கழித்தால்தான் ஒலியின் நீளம் தரும் பொய் வேறுபாடு போகும். மூக்கு நுனி ரெஃபரன்ஸாக (ஒப்பீட்டுப் புள்ளியாக) இருந்தால், நெற்றிக்கு மேல் நடுவிலுள்ள எஃப்-இசட்டில் கீழிறங்கும் அலை காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டில் மேலெழும். இந்தத் தலைகீழ்தான் அசல் எம்எம்என்னின் முத்திரை. மூக்கில் உணவுக் குழாயின் பிளாஸ்திரி இருந்தால் நர்சிடம் சொல்லிச் சற்று நகர்த்தி ஒட்டச் சொல்லுங்கள். நீங்களே பிய்க்காதீர்கள்.

ஒரே பதிவில் முடிவு கட்டக் கூடாது. இவர்களின் விழிப்பு நிலை மணிக்கு மணி மாறும். உடல் துடைத்து, நிலை மாற்றிப் படுக்க வைத்த பிறகு ஒன்று, மறுநாள் வேறு நேரத்தில் ஒன்று. காற்றுப் படுக்கையின் மோட்டாரை அந்த 12 நிமிடம் நிறுத்த அனுமதி கேளுங்கள்.

"எழுந்திருப்பாரா" என்பதற்கு: கோமாவில் எம்எம்என் தெளிவாக இருந்தால் விழிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று சொல்ல இடமுண்டு. இல்லாவிட்டால் திரும்பாது என்று சொல்ல இடமே இல்லை. எம்எம்என் இல்லாமலே விழித்தவர்கள் ஏராளம். இதயம் நின்று மீண்டவர்களில் இரு பக்கமும் என்20 இல்லை என்பது கெட்ட அறிகுறிதான். அது கையில் மின் தூண்டல் கொடுத்து எடுக்கும் வேறு பதிவு, 24 மணி நேரத்துக்குப் பிறகு மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பது. அந்தத் தர்க்கத்தை அப்படியே எம்எம்என்னுக்குத் தூக்கி வந்து சுவாசக் கருவியை எடுப்பதற்கான காரணமாக வைக்கும் பேச்சு எங்கேனும் எழுந்தால், தொழில்நுட்பராக நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த்_அலை

நன்றி. அளந்துவிட்டோம்: ஒலித் தாமதம் சராசரி 83 மில்லிவினாடி, திட்ட விலக்கம் 9. வெளிச் சவுண்டு கார்டு போட்ட பின் 11, விலக்கம் 0.8. இடைவெளியைக் குலுக்கியதும் நெளிவு போயிற்று. ஐசியு பதிவைத் தலைகீழாக்கிச் சராசரி எடுத்ததில் மிச்ச இரைச்சல் 6 மைக்ரோவோல்ட். "பொருள் கொள்ள இயலாது" என்று திருத்தி அனுப்பியிருக்கிறோம். வலது காதில் இரத்தக்கட்டி இருப்பதையும் சேர்த்தோம். எம்எம்என்னை இடது காதில் மட்டும் கொடுக்கலாமா?

பெயர் வைத்த பி300-க்கு ஒரு கேள்வி: வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலமும் சூலுவும் பேசியவருக்கு எந்தக் குரல்? சிகிச்சைப் பக்கமும் கேட்கிறேன். பேச்சும் கையும் போன நரம்புத் தசைநோயாளிக்குப் பி300 எழுத்துப்பலகை தமிழில் செய்ய முடியுமா?

மாரிட்ஸ்பர்க்_எலக்ட்ரோடு

ஒரு காது போதும், அறிக்கையில் எழுதினால் சரி. பெயருக்கு, வீட்டில் அவரை எப்படி அழைப்பார்களோ அந்தப் பெயர். அடையாள அட்டையில் உள்ள பெயர் அல்ல. அம்மாவோ மனைவியோ உயிரோட்டமான குரலில் சொன்ன பதிவு ஒன்று. அதே குரலில், அதே நீளத்தில், அதே ஒலியளவில் அவருக்குத் தொடர்பில்லாத இரண்டு பெயர்கள். ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் உரக்க ஒலித்த பெயருக்கு மூளை திரும்புகிறதே தவிர தன் பெயருக்கு அல்ல. எம்எம்என் மொழியைச் சாராதது என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. வாக்கியப் பொருத்தம் பார்க்கும் என்400-க்கு மட்டும் கையை வைக்காதீர்கள். தமிழிலும் சூலுவிலும் சொல்லின் பொருள் விகுதி வரை நீள்கிறது, பிழை எந்த மில்லிவினாடியில் வெளிப்படுகிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகள் பிரிவும் உங்களிடம் இருந்தால், சிகிச்சையில் உறுதியாகப் பயன்படும் ஓர் அலை பி1, ஒலிக்கு மூளைப் புறணி முன்னதாகத் தரும் பதில். காக்ளியர் கருவி (செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) பொருத்திய பிள்ளைக்கு அதன் உச்சம் மாதத்துக்கு மாதம் முந்தி வர வேண்டும். மூன்றரை வயதுக்குள் பொருத்தியவர்களுக்கு அரை ஆண்டிலேயே வயதுக்குரிய அளவை எட்டிவிடுகிறது. எட்டாவிட்டால் கருவியின் ஒலி அமைப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் காரணம் அது.

லெனேசியா_50ஹெர்ட்ஸ்

எழுத்துப்பலகை தமிழுக்கு நன்றாகவே பொருந்தும். 1988-இல் ஃபார்வெல்லும் டான்சினும் செய்த பலகை 6 வரி, 6 நிரல், 36 கட்டம். வரிகளும் நிரல்களும் மாறி மாறி மின்னும்; நோயாளி பார்க்கும் எழுத்து மின்னும்போது பி300 எழும், அதை வைத்து மென்பொருள் எழுத்தைக் கண்டுபிடிக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மீதி ஐந்து கட்டத்தில் இடைவெளி, அழி, ஆம், இல்லை, நர்ஸ். 247 எழுத்தையும் பரப்ப வேண்டியதில்லை. க் தேர்ந்து இ தேர்ந்தால் மென்பொருள் கி என்று சேர்க்கட்டும். ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்றால் 6 வரி 7 நிரலாக்குங்கள், ஒரு மின்னல்தான் கூடும்.

ஒரு மின்னல் 100 மில்லிவினாடி, இடைவெளி 75. ஒரு சுற்றுக்கு 12 மின்னல், 2.1 வினாடி. பத்துச் சுற்றும் 3 வினாடி ஓய்வுமாக ஓர் எழுத்துக்கு 24 வினாடி. "தண்ணீர்" என்பது த், அ, ண், ண், ஈ, ர் என ஆறு தேர்வு, 2 நிமிடம் 24 வினாடி. தாகத்தோடு கிடப்பவருக்கு அது நெடுநேரம். பயிற்சிக்கு 10 முதல் 15 எழுத்துகளைப் பார்த்து எழுதவைத்து, துல்லியம் 70%-ஐத் தாண்டினால் சுற்றுகளை ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள்: ஓர் எழுத்துக்கு 13.5 வினாடி, தண்ணீர் 81 வினாடியில் வரும். துல்லியம் விழுந்தால் திரும்ப ஏற்றுங்கள். அழிக்கப் போகும் நேரம் மிச்சப்படுத்திய நேரத்தைத் தின்றுவிடும்.

தொடங்கும் முன் இரண்டைக் கேளுங்கள். அவர் தமிழ் படிப்பாரா? பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் இங்கே அதிகம், அவர்களுக்கு ஆங்கிலப் பலகை அல்லது படக் கட்டங்கள். கண் அசைகிறதா? இந்தப் பலகை கவனத்தால் மட்டும் ஓடுவதல்ல, பார்வை கட்டத்தின்மேல் நிற்பதும் பெரும்பங்கு. கண்ணசைவு தளரத் தொடங்கிவிட்டால் பலகையோடு மல்லுக்கட்டாமல் ஒலிவழி ஆம்-இல்லைக்கு மாற்றுங்கள், அதுவும் கண் நன்றாக இருக்கும் காலத்திலேயே பழக்கிவிடுங்கள்.

லாடியம்_கோமா

பலகையில் "நர்ஸ்" கட்டத்தை மூலையில் வைக்காதீர்கள். நடு வரிசையில், தவறுதலாக அடிக்கடி தேர்வாகும் பக்கத்துக் கட்டங்களில் அரிதான எழுத்துகளை வைத்து, அதைத் தனியாக நிறுத்துங்கள். ஃ-உம் ஙகரமும் அந்த இடத்துக்கு ஏற்றவை.